97 என்று எழுதினால் முழு மதிப்பெண்ணா?

கால்பந்து ரசிகர்களிடையே ஒரு கருத்து ஆழ வேரூன்றியிருக்கிறது. ஒரு கிளப்பை உண்மையாக நேசிப்பவர் யார் என்று தெரிய வேண்டுமானால், அதன் வரலாற்றில் இருபது கேள்வி கேட்டுப் பார்த்தால் போதும் என்பதே அது. கிளப் தொடங்கிய ஆண்டு எது, அதிக கோல் அடித்தவர் யார், இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் முதல் கோலைத் திருப்பியவர் யார்? பதினெட்டு சரியாகச் சொன்னால் அசல் ரசிகர். ஐந்தைத் தாண்டவில்லை என்றால், கோப்பை வந்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் ரசிகர் மன்றங்களும் இந்த அளவுகோலையே கையில் வைத்திருக்கின்றன. இதன் பின்னால் நல்லெண்ணமும் உண்டு. இந்த வாரத்து வெற்றியை மட்டும் கொண்டாடாமல், முன்னே ஆடியவர்களையும் அறிந்திருக்க வேண்டும் என்கிற மரியாதை அது. அந்த மரியாதையில் எனக்கு மாறுபாடு இல்லை. இப்படிப்பட்ட சோதனை வரலாற்றறிவை அளக்கிறது என்ற நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். ஒற்றைச் சொல்லிலோ ஓர் எண்ணிலோ அடங்கும் விடைகளை மட்டுமே அதனால் கேட்க முடியும். ஒரு கிளப்பை அந்தக் கிளப்பாக ஆக்கிய சங்கதிகளோ அப்படி அடங்குவதில்லை. தமிழ் ரசிகர்களுக்கும் நன்கு பழக்கமான லிவர்பூல் கிளப்பை வைத்தே இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

எந்த வினாத்தாளிலும் முதலில் வரும் கேள்வி, கிளப் எப்போது தொடங்கியது என்பது. 1892 என்று எழுதினால் ஒரு மதிப்பெண். மாதத்தைக் கேட்டாலே சிக்கல் வந்துவிடும். லிவர்பூல் என்ற பெயர் மார்ச்சில் வந்தது. முறையான அங்கீகாரமோ ஜூனில்தான் கிடைத்தது. இடையில் நடந்தது என்ன? ஆன்ஃபீல்டு மைதானத்தில் 1884 முதல் ஆடிவந்த அணி எவர்டன். 1891-இல் அந்த மைதானத்தில் ஆடிக்கொண்டே அது லீக் பட்டத்தையும் வென்றது. மைதானத்தைத் தன் பிடியில் வைத்திருந்தவர் ஜான் ஹோல்டிங். பீர் ஆலை முதலாளி, கன்சர்வேட்டிவ் அரசியல்வாதி, பின்னாளில் நகரத்தின் லார்டு மேயர். ஆட்டக்காரர்கள் உடைமாற்றிக்கொண்டதுகூட அவருடைய சாண்டன் ஹோட்டலில்தான். வாடகை ஏறிக்கொண்டே போனது. நிலத்தை யார் வாங்குவது, மைதானத்தில் யாருடைய சரக்கு விற்பது என்ற தகராறும் சேர்ந்துகொண்டது. எவர்டன் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்திலிருந்து பிறந்த கிளப். அதன் உறுப்பினர்களில் ஒரு பகுதியினருக்கு மது வியாபாரியின் பிடியே உறுத்தலாக இருந்தது. ஜார்ஜ் மேகன் தலைமையில் பெரும்பான்மையினர் வெளியேறி, பக்கத்துப் பூங்காவைத் தாண்டி குடிசன் பார்க்கில் புதிய மைதானம் அமைத்தார்கள். ஆளில்லாத மைதானத்தோடு நின்ற ஹோல்டிங், எவர்டன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொள்ளப் பார்த்தார். கால்பந்துச் சங்கம் மறுத்துவிட்டது. அதனால்தான் லிவர்பூல் என்ற பெயரே வந்தது. ஒரு வாடகைத் தகராறின் மிச்சமாக, நீலமும் வெள்ளையும் கலந்த சட்டையோடு பிறந்த கிளப் இது. சிவப்பு நிறம் 1896-இல்தான் வந்து சேர்ந்தது. நிலவுடைமை, மது, மதம், கட்சி அரசியல் எல்லாம் பின்னிக் கிடக்கும் இந்தக் கதையில், விக்டோரியா காலத்துத் தொழில் நகரம் ஒன்று எப்படி இயங்கியது என்பதே தெரிகிறது. வினாத்தாளோ "ஆன்ஃபீல்டில் முதலில் லீக் பட்டம் வென்ற அணி எது?" என்று கேட்டு, "எவர்டன்" என்ற விடையைச் சொல்லி ஆளை மடக்கியதோடு திருப்தி அடைந்துவிடுகிறது.

இதற்கு வினாடி வினா ஆதரவாளர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: ஆண்டு தெரிந்தால்தானே காரணத்தைத் தேடுவான்? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. நடைமுறை வேறு. மதிப்பெண் விழுந்த இடத்தில் தேடல் நின்றுவிடுகிறது. எதற்கு மதிப்பெண் உண்டோ அதுவே முக்கியம் என்றும், எதற்கு இல்லையோ அது தேவையற்றது என்றும் படிப்பவன் மனத்தில் பதிந்துவிடுகிறது. தேர்வுக்கு வராத பாடத்தை மாணவன் புரட்டுவதில்லை என்பது தமிழ்நாட்டுப் பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லிவர்பூல் 20 முறை லீக் பட்டம் வென்றது, 6 முறை ஐரோப்பியக் கோப்பை வென்றது என்பதை மனப்பாடமாக ஒப்பிக்கும் ரசிகர்கள் ஏராளம். 1954-இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய கிளப், மேலே வர 1962 வரை காத்துக்கிடந்தது என்பது அவர்களில் பலருக்குச் செய்தி. அந்தக் காத்திருப்பின் நடுவில், 1959 டிசம்பரில், மேலாளராகப் பில் ஷாங்க்லி வந்து சேர்ந்தார். பின்னர் வந்த பட்டங்களின் அடித்தளம் அந்தத் தோல்விக் காலத்தில் போடப்பட்டது. ஆனால் தோற்ற ஆண்டுகளுக்கு யாரும் கேள்வி தயாரிப்பதில்லை. இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது: 1992-இல் பிரீமியர் லீக் வந்ததிலிருந்துதான் எல்லாப் புள்ளிவிவரமும் எண்ணப்படுகிறது, அதற்கு முந்தைய நூறாண்டு கால்பந்தே ஆடவில்லை என்பதுபோல. லிவர்பூலின் 20 பட்டங்களில் 18 அந்த எல்லைக்கு அப்பால் கிடக்கின்றன. கேள்வியின் எல்லையை வகுப்பவரே வரலாற்றின் எல்லையையும் வகுத்துவிடுகிறார். அது ஒளிபரப்பு வியாபாரம் வகுத்த எல்லை.

எல்லா வினாத்தாளும் வெற்றியை மட்டும் கேட்பதில்லை, சமூக வரலாற்றையும் கேட்கிறது என்று வாதிடுவோர் உண்டு. லிவர்பூலுக்கு ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் யார் என்ற கேள்வியை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். விடை ஹோவர்டு கெய்ல். சரி, அந்த விடை தெரிந்தவருக்கு என்ன தெரியும்? கெய்ல் முதலில் களமிறங்கியது 1980 அக்டோபரில். கிளப் தொடங்கி 88 ஆண்டுகள் கழித்து. லிவர்பூல் என்ன, கறுப்பின மக்களே இல்லாத ஊரா? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனின் ஆகப்பெரிய அடிமை வணிகத் துறைமுகம் அது. பிரிட்டனின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. கெய்ல் பிறந்த டாக்ஸ்டெத் பகுதி மைதானத்துக்கு எட்டாத தூரத்தில் இல்லை. அப்படியிருந்தும் அங்கிருந்து அணிக்கு ஓர் ஆள் வர 88 ஆண்டு ஆயிற்று. 1981 ஏப்ரலில், ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், மியூனிக்கில் பயர்ன் அணியை எதிர்த்து, அடிபட்ட கென்னி டால்கிலிஷுக்குப் பதிலாக அவர் இறங்கினார். அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஜெர்மன் தடுப்பாளர்கள் அவரைத் தட்டித் தட்டி விழுத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, எச்சரிக்கை அட்டை வாங்கிய நிலையில், மேலாளர் பாப் பேய்ஸ்லி அவரை வெளியே எடுத்துவிட்டார். லிவர்பூல் இறுதிக்குப் போய்க் கோப்பையையும் வென்றது. அந்த ஆண்டு ஜூலையில் டாக்ஸ்டெத் பகுதி போலீஸ் கெடுபிடிக்கு எதிராகக் கொதித்தெழுந்து பற்றி எரிந்தது. கெய்ல் லிவர்பூலுக்காக மொத்தம் ஐந்தே ஆட்டங்கள் ஆடினார். 2016-இல் பிரிட்டிஷ் அரசு தரவிருந்த எம்பிஇ விருதை, பேரரசின் பெயரால் துன்பப்பட்ட மூதாதையரை நினைத்து வேண்டாம் என்றார். "முதல் ஆள் யார்?" என்று கேட்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கதவு திறந்ததைக் கொண்டாடும் கேள்வி, இத்தனை காலம் கதவை மூடி வைத்திருந்தது எது என்பதைக் கேட்காமல் விட்டுவிடுகிறது. பெயரைச் சரியாகச் சொன்னவர் பெருமையை எடுத்துக்கொள்கிறார். அதில் கிளப்புக்கும் ஊருக்கும் உள்ள வெட்கம் அவர் கண்ணில் படுவதில்லை.

வெட்கப்பட வேண்டிய இடங்கள் வினாத்தாளில் எப்படி மறைகின்றன என்பதற்கு 1985 மே 29-ஐவிடத் தெளிவான சாட்சி இல்லை. பிரஸ்ஸல்ஸின் ஹேய்சல் மைதானத்தில் யுவென்டஸ் அணியோடு ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். ஆட்டத்துக்கு முன் லிவர்பூல் ரசிகர் கூட்டம் ஒன்று பக்கத்துப் பகுதியை நோக்கிப் பாய்ந்தது. ஒதுங்கி ஓடியவர்கள் சுவரோரம் நெருக்குண்டார்கள், சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இத்தாலியர்கள். பாழடைந்த மைதானமும், ரசிகர்களைப் பிரித்து வைக்கத் தவறிய ஏற்பாடும் பழியில் பங்கு கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் பாய்ந்தவர்கள் பாய்ந்தவர்கள்தான். பெல்ஜிய நீதிமன்றம் லிவர்பூல் ரசிகர்கள் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்துக் கிளப்புகள் ஐந்தாண்டு ஐரோப்பியப் போட்டிகளுக்கு வெளியே நின்றன, லிவர்பூல் ஆறாண்டு. அந்த ஆண்டு லீக் பட்டம் வென்று ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்த எவர்டனும் அந்தத் தண்டனையைச் சேர்ந்தே அனுபவித்தது. வினாத்தாளில் இந்த இரவு எப்படி வருகிறது? வந்தால், "1985 இறுதியாட்டத்தில் கோல் அடித்தவர் யார்?" என்று வருகிறது. பிளாட்டினி, பெனால்டி, 1-0. சடலங்களை அப்புறப்படுத்திய மைதானத்திலேயே ஆடப்பட்ட ஓர் ஆட்டத்தின் கோலைக் கேட்கிறோம் என்ற உணர்வு கேட்பவருக்கும் இல்லை, சொல்பவருக்கும் இல்லை. இந்த விடையைத் தெரிந்திருப்பதைவிட, இந்தக் கேள்வியைக் கேட்கக் கூசுவதே அந்தக் கிளப்பின் வரலாற்றை அறிந்ததற்கு அடையாளம்.

இனி ஹில்ஸ்பரோ. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு, எஃப்ஏ கோப்பை அரையிறுதி, எதிரணி நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் ஏற்கெனவே நிரம்பி வழிந்த கம்பி அடைப்புகளுக்குள் மேலும் மேலும் ரசிகர்கள் புகும்படி விடப்பட்டு, மூச்சுத் திணறி மாண்டார்கள். எத்தனை பேர்? அன்றைக்கு 94. சில நாளில் 95. நினைவு திரும்பாமல் கிடந்த டோனி பிளாண்டு 1993-இல் இறந்தபோது 96. மூளைக் காயத்தோடு முப்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்த ஆண்ட்ரூ டிவைன் 2021-இல் இறந்தபோது, அவரும் அந்த நாளில் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவரே என்று மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார், இன்று 97. ஒரு வினாடி வினாப் புத்தகம் எந்த ஆண்டில் அச்சானதோ அந்த ஆண்டுக்கு ஏற்ப "சரியான விடை" மாறும். எண்ணாவது பிறகு திருத்தப்பட்டுவிடும். காரணத்தைக் கேட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1989-இல் நாட்டில் பரவலாக நம்பப்பட்ட விடை, குடித்துவிட்டு வந்த ரசிகர்கள் வாயிற்கதவை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள் என்பது. பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரி அப்படித்தான் சொன்னார். "தி சன்" நாளிதழ், இதுதான் உண்மை என்று தலைப்பிட்டு, ரசிகர்கள் மீது வாய்கூசும் பழிகளை முதல் பக்கத்தில் போட்டது. அந்தக் கதவைத் திறக்க உத்தரவிட்டவரே அந்த அதிகாரிதான். போலீஸ் கட்டுப்பாடு தவறியதே முக்கியக் காரணம் என்று டெய்லர் பிரபுவின் அறிக்கை அதே ஆண்டு ஆகஸ்டில் சொல்லிவிட்டது. இருந்தும் 1991-இல் மரண விசாரணை "விபத்து" என்று முடித்தது. சட்டவிரோதக் கொலை என்று ஜூரி அறிவிக்க 2016 ஏப்ரல் 26 வரை ஆயிற்று. ஆக, அதிகாரபூர்வ விடையை மனப்பாடம் செய்தவர் இருபத்தைந்து ஆண்டு பொய்யை மனப்பாடம் செய்திருப்பார். முடிந்த முடிவாக ஒரு விடையை ஏற்று அதற்கு மதிப்பெண் தரும் முறைக்கும், அந்த விடையை ஏற்க மறுத்துப் போராடிய குடும்பங்களின் அறிவுக்கும் இடையே உள்ள தூரத்தை இதற்கு மேல் எப்படிக் காட்டுவது?

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். தகவல்களை இப்படி இளக்காரம் செய்தால், வரலாறு வெறும் உணர்ச்சியாகிவிடாதா? ஹில்ஸ்பரோக் குடும்பங்கள் வென்றதே தகவல்களால்தானே? ஆம், தகவல்களால்தான், அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்படிப்பட்ட தகவல்கள் என்று பார்க்க வேண்டும். முதல் மரண விசாரணையை நடத்திய அதிகாரி, பிற்பகல் 3:15-க்கு மேல் நடந்தவற்றை விசாரிக்க மறுத்தார். அந்த நேரத்துக்குள் எல்லோரும் காப்பாற்ற முடியாத நிலைக்குப் போய்விட்டார்கள் என்பது அவர் எடுத்த முடிவு. பதினைந்து வயது மகன் கெவினை இழந்த ஆன் வில்லியம்ஸ் அந்த 3:15-ஐ ஏற்கவில்லை. மகனுக்கு உதவ முயன்றவர்களைத் தேடிப் போய், நான்கு மணி வரை அவனுக்கு உயிர் இருந்ததற்கான சாட்சியங்களைச் சேர்த்தார். மனு மேல் மனு போட்டார், திருப்பி அனுப்பினார்கள், மீண்டும் போட்டார். 2012 செப்டம்பரில் தனிக் குழு நாலரை லட்சம் பக்க ஆவணங்களை ஆய்ந்து வெளியிட்டபோது, 41 பேராவது பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்று தெரியவந்தது. 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்ததும், அவற்றில் 116-இல் போலீசுக்குப் பாதகமான பகுதிகள் நீக்கவோ மாற்றவோ பட்டிருந்ததும் அம்பலமாயின. பழைய தீர்ப்புகளை அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஏப்ரலில் ஆன் வில்லியம்ஸ் இறந்தார். 3:15 என்ற எண்ணை அவர் நினைவில் வைத்திருந்ததற்குக் காரணம், அதை யார் தீர்மானித்தார், எதை மறைக்க அது உதவுகிறது என்ற கேள்வி. தகவல் அங்கே ஒரு வழக்கின் பகுதியாக உயிரோடு இருந்தது. வினாத்தாள் அதே எண்ணைப் பிடுங்கி எடுத்து, கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எண்ணை மட்டும் தட்டில் வைக்கிறது.

எண் தெரிந்தால் மரியாதையும் தானாக வரும் என்று நினைப்பவர்களுக்கு 2023-இல் வெம்ப்ளியில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மான்செஸ்டரின் இரண்டு அணிகளும் மோதிய எஃப்ஏ கோப்பை இறுதியாட்டம். அதற்கு வந்த ஒருவர், முதுகில் 97 என்ற எண்ணும், அது போதாது என்று பொருள்படும் வாசகமும் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கைது செய்யப்பட்டார், ஆட்டங்களுக்குப் போக நீதிமன்றம் நான்காண்டு தடை விதித்தது. அவருக்கு எண் துல்லியமாகத் தெரிந்திருந்தது. 96 என்று பழைய கணக்கைக்கூட அவர் போடவில்லை. ஹில்ஸ்பரோ பற்றிய கேள்வியில் அவருக்கு முழு மதிப்பெண். ஹேய்சல் எந்த ஆண்டு, யார் கோல் அடித்தது என்று துல்லியமாகச் சொல்லிக்கொண்டே இறந்தவர்களைக் கேலி பாடும் கூட்டங்களும் இப்படித்தான்.

அடுத்து, போலி ரசிகர்களை எப்படித்தான் கண்டுபிடிப்பது என்ற கேள்வி. ஏன் கண்டுபிடிக்க வேண்டும் என்றே முதலில் கேட்கிறேன். இந்தச் சோதனை எல்லோரையும் ஒன்றுபோல நிறுத்தி வைத்துக் கேட்பதில்லை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து மைதானத்துக்குப் போன உள்ளூர்ப் பையனை யாரும் "1965 எஃப்ஏ கோப்பையில் கூடுதல் நேரத்தில் கோல் போட்டது யார்?" என்று கேட்பதில்லை. கிளப் சட்டை போட்டிருக்கும் பெண்ணையும், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ நள்ளிரவில் விழித்துப் பார்ப்பவரையும்தான் கேட்கிறார்கள். பெண்களை இப்படி நிறுத்திக் கேட்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூல் நகரத்திலேயே, குடிசன் பார்க்கில், டிக் கெர் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டு டிசம்பரில் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. அரை நூற்றாண்டு அந்தத் தடை நீடித்தது. மைதானத்தைவிட்டு விரட்டி, பதிவேட்டிலிருந்தும் விலக்கி வைத்துவிட்டு, அந்தப் பதிவேட்டிலிருந்து கேள்வி எடுத்து அவர்களையே சோதிப்பது நியாயமா?

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு, இதற்கு இவ்வளவு கோபம் எதற்கு என்பார்கள். பொழுதுபோக்காக நடத்தினால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இயன் ரஷ் 346 கோல் அடித்தார், இயன் கேலகன் 857 ஆட்டம் ஆடினார் என்று நண்பர்கள் ஒருவரை ஒருவர் மடக்குவதில் மகிழ்ச்சிதான். கோபம் வருவது, அந்த விளையாட்டை யார் சொந்தக்காரர், யார் வந்தேறி என்று தீர்மானிக்கும் நீதிமன்றமாக்கும்போது. 2016 பிப்ரவரி 6-ஆம் தேதி ஆன்ஃபீல்டில் சண்டர்லாந்தோடு ஆட்டம். புதிய பிரதான ஸ்டாண்டில் ஒரு டிக்கெட்டை 77 பவுண்டுக்கு விற்கக் கிளப் முடிவு செய்திருந்தது. 77-ஆவது நிமிடத்தில், தங்கள் அணி 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போது, சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். மிஞ்சிய நிமிடங்களில் சண்டர்லாந்து இரண்டு கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தது. நான்காம் நாள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்தக் கட்டணத்தைக் கைவிட்டார்கள். அன்று எழுந்து போனவர்களில் எத்தனை பேருக்கு 1892-இல் வாடகைத் தகராறால் பிறந்த கிளப் இது என்று தெரிந்திருக்கும் என்பதை அளக்க வழியில்லை. ஆனால் அந்த வாடகைத் தகராறின் தொடர்ச்சிதான் இது. மைதானம் யாருடையது, உள்ளே வர யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற அதே வழக்கு. அந்த ஆட்டத்தின் முடிவைக் கேட்கும் வினாத்தாளுக்கு 2-2 போதும். ரசிகர் மன்றங்கள் இனி கேள்வித்தாள் தயாரிக்கும்போது அந்த 2-2-க்குக் கீழே இன்னொரு கேள்வியையும் சேர்க்கட்டும்: முன்னிலையில் இருந்த தங்கள் அணியை விட்டுவிட்டு அத்தனை பேர் ஏன் எழுந்து போனார்கள்? விடைக்கு ஒரு பக்கம் இடம் விடட்டும். திருத்துபவருக்கு வேலை கூடும். அதை அவர் ஏற்கத்தான் வேண்டும்.